பெட்டி சேந்துட்டா

என் பெண்டாட்டி வடிவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது வண்டியின் வலதுபக்கக் கண்ணாடியில். கையில் ஈரத்துணியோடு தெருவின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். ஓம்னியின் பின்கதவில் மாட்டுகிற மஞ்சள் தகட்டை, கறுப்பில் மூன்று இதழ் வரைந்த அந்தக் கதிரியக்க அடையாளத்தை, சாப்பாட்டுத் தட்டைத் துடைப்பதுபோலத் துடைத்து அப்போதுதான் என் இருக்கைக்குப் பின்னால் செருகியிருந்தாள். காலி வண்டியில் அதை மாட்டக்கூடாது, பெட்டி ஏறிய பிறகுதான் மாட்ட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமை தோறும் நான் மதுரை ஏர்போர்ட்டுக்குப் பெட்டி எடுக்கக் கிளம்பும்போது அவள் விடாமல் செய்த வேலை அது. "பூ தெரியணும்லா. பின்னால வாரவனுக்கு என்ன வண்டி போகுதுன்னு தெரிய வேண்டாமா" என்பாள். அன்றைக்கும் அதையேதான் சொன்னாள். பிளாஸ்கை என் பக்கத்தில் வைத்தாள், காப்பியில் சீனி குறைவு என்றாள், போயிட்டு வாங்க என்றாள். தெருமுக்கு வரைக்கும் கண்ணாடியில் சிறிதாகிக்கொண்டே போனாள். குனிந்து துணியைப் பிழிந்தாள். பிழிந்த தண்ணீர் தரையில் விழுவதை நான் பார்த்தேனா, அல்லது பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டேனா, அது மட்டும் தெரியவில்லை. தண்ணீர் விழுகிறது என்றுதான் நினைவு சொல்கிறது, விழுந்துகொண்டே இருக்கிறது, அதற்குள் வண்டி திரும்பிவிடுகிறது. "கையை எறக்காதீங்க அண்ணாச்சி, தலைக்கு மேலயே இருக்கட்டும்" என்று கால்மாட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஜெபக்கனி சொல்கிறாள். எறக்கவில்லை அம்மா. தோள் தானாக நழுவுகிறது.

இது அணு மருத்துவப் பிரிவின் காமிரா அறை. குறுகிய பலகையில் மல்லாந்து படுத்திருக்கிறேன். இரண்டு கைகளும் தலைக்கு மேல். மேசை அளவுள்ள இரண்டு இரும்புத் தலைகள் என் நெஞ்சை ஒட்டி வந்து நின்று, கொஞ்சம் பார்த்துவிட்டு, ஓர் அடி நகர்ந்து மறுபடி நிற்கின்றன. ஆடக்கூடாது, இருமக்கூடாது, பெருமூச்சு விடக்கூடாது, தூங்கவும் கூடாது. தூங்கினால் குறட்டை வரும், குறட்டையில் நெஞ்சு குலுங்கும், படம் கலங்கிவிடும் என்று ஜெபக்கனி முதலிலேயே சொல்லிவிட்டாள். காலையில் டிரெட்மில்லில் நடக்கவைத்து, மூச்சு முட்டுகிற நேரத்தில் முழங்கை நரம்பில் ஊசி போட்டு, முதல் படம் எடுத்தார்கள். ரத்தம் போகிற இடமெல்லாம் மருந்து போகும், உயிருள்ள தசை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காமிரா அந்த வெளிச்சத்தைப் பார்க்கும். என் இதயத்தின் முன்சுவரில் வெளிச்சம் இல்லை. கறுப்பாக இருந்தது. இப்போது ஓய்வில் இரண்டாவது ஊசி, இரண்டாவது படம். இந்தப் படத்தில் முன்சுவர் வெளிச்சமானால் தசை செத்துப்போகவில்லை, ரத்தம் போதாமல் பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம், பைபாஸ் செய்து ரத்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். இப்போதும் கறுப்பாகவே இருந்தால் அது வெறும் தழும்பு. தழும்புக்கு ரத்தம் கொண்டுபோக எந்த டாக்டரும் நெஞ்சைத் திறக்கமாட்டார். மாத்திரையோடு எவ்வளவு தூரம் ஓடுமோ அவ்வளவு தூரம். இதை யாரும் எனக்கு விளக்கவில்லை. டாக்டர் சபீனா ஆரம்பித்தார், நான் மீதியைச் சொன்னேன், அவர் சிரித்துக்கொண்டே பேனாவை மூடினார். எனக்குத் தெரியாதா. என் நரம்பில் இப்போது ஓடுகிற இந்த மருந்து பிறக்கிற பெட்டியைப் பதினெட்டு வருஷம் இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவன் நான்தான்.

பெட்டி என்றால் பார்க்க ஒன்றுமில்லை. ஒரு தகர டப்பா, உள்ளே ஈயக் குடுவை, கைப்பிடி. தூக்கினால் அரைமூட்டை அரிசி கனம். பம்பாயிலிருந்து விமானத்தில் வரும். உள்ளே இருக்கிற தாய்ச்சரக்கு ஏறக்குறைய மூன்று நாளில் பாதியாகிவிடும், பிறகு அதில் பாதி, பிறகு அதிலும் பாதி. அது ஓயாமல் ஒரு பிள்ளைச் சரக்கைப் பெற்றுக்கொண்டே இருக்கும். காலையில் அதை உப்புத்தண்ணீர் விட்டுக் கழுவி எடுப்பதற்கு இந்தப் பிரிவில் கறப்பது என்று பேர். "கறந்தாச்சா", "இன்னைக்குப் பால் எவ்வளவு" என்று அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு, வந்த புதிதில் ஆஸ்பத்திரிக்குள் எங்கேயோ மாடு வளர்க்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். வீட்டில் போய்ச் சொன்னால் வடிவு, "அப்போ வண்டியில மாட்டைத்தான் கூட்டிட்டு வாரீயளா, வைக்கோல் கட்டி விடட்டுமா" என்றாள். பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை தேறாதவன் நான். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்வதற்காகத்தான் படிக்க ஆரம்பித்தேன். பழைய புத்தகக் கடையில் கிடைத்த பௌதிகப் பாடப்புத்தகம், நூலகத்தில் கிடைத்த இரண்டு மூன்று, மீதியைப் பெட்டி இறக்குகிற இடத்தில் கேட்டது. ஒரு வருஷத்தில் பாதியாவது எப்படி என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். ஒரு முழு தோசையை எடுத்துப் பாதியாகப் பிட்டு, அதைப் பாதியாகப் பிட்டு, அதையும் பாதியாகப் பிட்டு, பார், எப்போதும் ஏதோ கொஞ்சம் மீதி இருந்துகொண்டே இருக்கும், முழுசாகத் தீர்வதே இல்லை என்றேன். கடைசித் துண்டை என் கையிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இப்போ தீந்துட்டு" என்றாள். இதைப் போய் இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரித்தால் நெஞ்சு ஆடும். இரும்புத் தலை என் தாடைக்குப் பக்கத்தில் நிற்கிறது. வேறு ஏதாவது நினைக்க வேண்டும்.

சாலையை நினைக்கலாம். கப்பலூர் சுங்கச்சாவடி, விருதுநகர், எட்டூர்வட்டம், சாத்தூர், கோவில்பட்டி, சாலைப்புதூர், கங்கைகொண்டான், பிறகு தாமிரபரணிக் காற்று. வழியில் நிற்கக்கூடாது. நின்றால் சரக்கு குறைகிறது, இங்கே வெறும் வயிற்றோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறவர்களில் யாரோ ஒருவர் நாளைக்கு வாங்க என்று திருப்பி அனுப்பப்படுவார். அப்படி ஒருவர்கூட என் வண்டியால் திரும்பிப் போனதில்லை. மழையில் சாத்தூர்ப் பக்கம் ரோடே தெரியாமல் தண்ணீர் போன நாளிலும் பெட்டி வந்தது. பந்த் அன்றைக்கும் வந்தது. கல்லை வைத்துக்கொண்டு நின்ற பையன்கள் பின்கதவுத் தகட்டைப் பார்த்துவிட்டு, "ஏலே, கிட்ட போவாத, கரண்டு" என்று வழிவிட்டார்கள். சாயங்காலம் இறக்கிவைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கியதும் வடிவுக்குப் போன் போடுவேன். அவள் சாப்பிட்டீங்களா என்று கேட்கமாட்டாள். "பெட்டி சேந்துட்டா" என்பாள். "சேந்துட்டு" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. பதினெட்டு வருஷமும் அதே கேள்வி, அதே பதில். எந்தப் புருஷன் பெண்டாட்டி இவ்வளவு குறைவாகப் பேசி இவ்வளவு நிறைவாக இருந்திருப்பார்கள். தெருவில் எல்லோருக்கும் அது புரியவில்லை. பக்கத்து வீட்டுச் சுப்புத்தாய் ஒருநாள் குழாயடியில் எல்லோரும் கேட்க, "அணுகுண்டைச் சுமக்கிறவனுக்கு எப்படிப் புள்ள நிக்கும்" என்று சொல்லிவிட்டாள். வடிவு குடத்தை இறக்கிவைத்துவிட்டு, "மதினி, அவுக இந்த வேலைக்குப் போறதுக்கு ஒம்பது வருசத்துக்கு முந்தியே எனக்கு நிக்கல. அப்போ உங்க வீட்டு மிக்சிச் சத்தம்தான் காரணமா இருக்குமோ" என்றாளாம். அந்த வருஷப் பொங்கலுக்கு வாசலில் மஞ்சள் பொடியும் கரித்தூளும் கலந்து அந்த மூன்று இதழையே பெரிதாகப் போட்டாள். தெரு முழுக்க அதை ஃபேன் கோலம் என்றார்கள். சுப்புத்தாய்க்கு மட்டும் விளங்கியது. அன்றைக்கு நான் நடந்த நடையை நானே பார்த்ததில்லை, ஆனால் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்திருக்கும்.

அதே நெஞ்சில் இப்போது மூன்று ஒயர் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் காமிரா தனித்தனியாகப் படம் பிடிக்கும், பிறகு சேர்த்து ஓட்டினால் இதயம் சுருங்கி விரிவது சினிமாபோலத் தெரியும், எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்றும் தெரிந்துவிடும். சட்டையைக் கழற்றும்போது ஒரு கூத்து நடந்தது. பையில் என் பழைய பேட்ஜ் குத்தியிருந்தது. பெட்டிப் பக்கம் போகிறவர்கள் உடம்பில் எவ்வளவு கதிர் படுகிறது என்று கணக்கெடுக்க ஆஸ்பத்திரி கொடுக்கிற சின்ன பிளாஸ்டிக் பேட்ஜ். வேலையிலிருந்து நின்று ஒரு வருஷமாகிறது, யாரும் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. இந்தக் கட்டடத்துக்கு வருவதென்றால் கை தானாகக் குத்திவிடுகிறது. ஜெபக்கனி பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். "அண்ணாச்சி, இதைக் குத்திக்கிட்டா டிரெட்மில்லுல நடந்தீங்க?" என்றாள். "பழக்கம்" என்றேன். "சரக்கைத் தூக்குறவங்களுக்குத்தான் பேட்ஜ். இன்னைக்கு நீங்கதான் சரக்கு. குடுங்க" என்று வாங்கி ஈயப் பலகைக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டாள். ஊசி போட்டவர்கள் உட்காருகிற தனி அறையில் அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவர் இருந்தார். கழிப்பறைக் கதவில் ஒட்டியிருந்த மஞ்சள் அடையாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாக என்னிடம் சாய்ந்து, "நாப்பது வருசம் வாத்தியார் வேலை பாத்தேன், ஒரு மரியாதை கிடையாது. இன்னைக்கு என் மூத்திரத்துக்குத் தனி ரூம், தனி போர்டு" என்றார். நான் சிரித்தேன். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, இது ஆளைக் கொல்லாதுலா என்று கேட்டார். ஒன்றும் ஆகாது, ஆறு மணி நேரத்தில் பாதியாகும், நாளைக்கு இருக்கிற இடம் தெரியாது, நான் பதினெட்டு வருஷம் வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிவந்திருக்கிறேன் என்றேன். "பிறகு எதுக்குவே இங்க உக்காந்திருக்கீரு" என்றார். நியாயமான கேள்வி. எண்ணெய் மிதக்க முட்டை தோசை கொண்டுவந்து வைத்தார்கள். கல்லீரலில் தங்கிய மருந்து இறங்கினால்தான் இதயம் தெளிவாகத் தெரியும், அதனால் கொழுப்பாகச் சாப்பிட வேண்டும். இதய நோயாளிக்கு ஆஸ்பத்திரியே எண்ணெய் ஊற்றிக் கொடுக்கிற இடம் இது ஒன்றுதான். காப்பி மட்டும் கிடையாது, நேற்றிலிருந்தே கிடையாது. தலை வலிக்கிறது. பிளாஸ்கின் மூடியைத் திறக்கும்போது வருகிற வாசனை வேண்டும்போல இருக்கிறது. சீனி குறைவான காப்பி.

அந்தக் காப்பியை அன்றைக்கு நான் கோவில்பட்டி தாண்டியும் குடிக்கவில்லை. திரும்பி வரும்போது. பெட்டி பின்னால் இருந்தது, தகடு மாட்டியிருந்தது. வெயில். ஒரு வடை மட்டும் வண்டியை விட்டு இறங்காமல் வாங்கித் தின்றேன், அதனால்தான் நெஞ்சு எரிகிறது என்று நினைத்தேன். எரிச்சல் அல்ல அது. உள்ளேயிருந்து யாரோ கையை மூடுவதுபோல. பனியன் நனைந்தது. இடதுகை ஸ்டியரிங்கில் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. சாலைப்புதூர்ச் சாவடி தாண்டி ஓரமாக நிறுத்தினேன். நிறுத்தக்கூடாதுதான், நிறுத்தினேன். வண்டியை விட்டுப் போகவும் கூடாது, அதனால் இறங்கிப் பின்கதவில் சாய்ந்து நின்றேன். முதுகுக்குக் கீழே தகடு சுட்டது. காலையில் வடிவு துடைத்த தகடு. சோளக்காடு, அதற்கு மேல் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன, மூன்று இறக்கை, மூன்று இதழ். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிறகு விட்டது. முழுவதும் விடவில்லை, ஓட்டுகிற அளவுக்கு விட்டது. காப்பியைக் குடித்தேன், ஓட்டினேன். போன் டேஷ்போர்டு அறையில் இருந்தது, ஓட்டும்போது எடுப்பதில்லை, அது அவளுக்கும் தெரியும். பெட்டியை இறக்கினேன், கையெழுத்து வாங்கினேன், போனை எடுத்தேன், அவள் கேட்பாள் என்று வாயில் பதில் தயாராக இருந்தது. சேந்துட்டு. அந்தப் பக்கம் எடுத்தது சுப்புத்தாய். துணி துவைக்கிற கல்லில் சாய்ந்தாளாம், தலைக்குள் நரம்பு வெடித்ததாம், ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டதாம். நான் எந்த இடத்தில் இருந்திருந்தாலும் வந்து சேர்ந்திருக்க முடியாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். "அவன் அணுகுண்டை இறக்கிட்டுத்தான் வந்தான்" என்று தெருவில் சொன்னார்கள். ஆமாம். இறக்கிவிட்டுத்தான் வந்தேன். இறக்காமல் வந்திருந்தால் அவளே எழுந்து கேட்டிருப்பாள். இதில் எனக்குத் தலை குனிய ஒன்றும் இல்லை. குழாயடிக்கு நான் இன்றும் நேராகப் பார்த்துத்தான் போகிறேன்.

ஆனால் ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை. அவள் விழுந்தது எப்போது என்று கேட்டதற்குச் சுப்புத்தாய், பள்ளிக்கூடம் விடுகிற மணி அடிக்கிற நேரம் என்றாள். நான் தகட்டில் சாய்ந்து நின்றதும் ஏறக்குறைய அப்போதுதான். ஏறக்குறைய என்பதற்கு மேல் எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து அந்த வலியை வைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குள்ளே ஒரு துண்டு அவளோடு அன்றைக்கே போய்விட்டது என்று. இதை வாய்விட்டுச் சொன்னால் சினிமா வசனம்போல இருக்கும், சொல்லாமல் வைத்திருந்தால் பெருமையாக இருக்கிறது. தெருவில் நாலுபேர் வாய்க்கு வந்ததைப் பேசும்போது, உங்களுக்கு என்ன தெரியும், இங்கே உள்ளே தழும்பு இருக்கிறது என்று நெஞ்சைத் தடவிக்கொள்வேன். அது பெருமைதான், வேறு பேர் தெரியவில்லை. போன மாதம் மூச்சு வாங்க ஆரம்பித்து ஈசிஜி எடுத்தபோது, "உங்களுக்கு எப்பவோ அட்டாக் வந்திருக்கு போல, தெரியாதா" என்று டாக்டர் சபீனா கேட்டார். தெரியாது என்றேன். பிறகு, இந்தப் படத்தில் அது எந்த நாள் என்று தெரியுமா என்று கேட்டேன். "படம் தேதி சொல்லாது அண்ணாச்சி. உயிர் இருக்கா இல்லையான்னுதான் சொல்லும்" என்றார். அதுதான் இப்போது மாட்டிக்கொண்டு நகரமாட்டேன் என்கிறது. உயிர் இருக்கிறது என்று படம் சொன்னால்? அப்போது அன்றைக்கு வந்தது வடை செய்த வேலை. ஒன்றும் சாகவில்லை. அவள் மட்டும்தான் போனாள், நான் முழுசாக வீட்டுக்கு வந்தேன். பிழைப்பதற்காகத்தான் இங்கே கையைத் தூக்கிக்கொண்டு படுத்திருக்கிறேன், பிழைக்க ஆசை இருக்கிறது, பொய் சொல்லவில்லை, காலையில் டிரெட்மில்லில் போதும் போதும் என்று அவர்கள் சொன்ன பிறகும் இன்னும் கொஞ்சம் நடந்தேன். ஆனால் அந்தத் தழும்பையும் விட மனசில்லை. இரண்டையும் ஒரே நெஞ்சில் எப்படிக் கேட்பது. முன்சுவர் வெளிச்சமாக வேண்டும். வெளிச்சமாகக் கூடாது. வேண்டும். இரும்புத் தலை நகர்கிறது. மூச்சு. மெதுவாக. கறுப்பாக இருந்தால் நெஞ்சைத் திறக்கமாட்டார்கள், வெளிச்சமாக இருந்தால் நான் இதுநாள் வரைக்கும் தடவிக்கொண்டிருந்தது வெறும் தோல். கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுபோனால் ஜெபக்கனியின் திரையில் ஒரு மூலை தெரிகிறது. புள்ளிகள் விழுந்துகொண்டிருக்கின்றன. ஒன்று, நாலு, ஒரு கூட்டம். எங்கே விழுகின்றன என்று தெரியவில்லை. துணியிலிருந்து பிழிந்த தண்ணீர் தரையில் விழுகிறது.

"முடிஞ்சிட்டு அண்ணாச்சி. கையை மெதுவா எறக்குங்க" என்றாள் ஜெபக்கனி. கை என்னுடையதாக இல்லை, அவளே பிடித்து இறக்கிவிட்டாள். பிடித்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டாள். நான் சரக்கு, அவள் வழக்கப்படி நின்றாள், சரியாகத்தான் செய்தாள். டாக்டர் சபீனா கண்ணாடிக்கு அந்தப்புறம் ரொம்ப நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சட்டையின் பித்தான்களைத் தப்பாகப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டேன். கூப்பிட்டார். திரையில் என் இதயம் வரிசை வரிசையாக வெட்டி வைத்திருந்தது, உளுந்துவடைபோல, நடுவில் ஓட்டையோடு வட்டம் வட்டமாக. மேல் வரிசை காலையில் எடுத்தது, கீழ் வரிசை இப்போது. மேலே ஒவ்வொரு வடையிலும் ஒரு கடி இல்லை. "கீழ பாருங்க" என்றார். பார்த்தேன். "சேந்திருக்குலா" என்றார். மஞ்சளும் சிவப்புமாக முன்சுவர் நிரம்பியிருந்தது. "பட்டினி கெடந்திருக்கு, அவ்வளவுதான். பம்பிங் கொஞ்சம் கம்மிதான், ஆனா பைபாஸ் பண்ணலாம். நாளைக்கே சர்ஜனைப் பாருங்க." அவர் பேனா நுனியால் வரிசையின் முதல் வட்டத்தைத் தொட்டார், எல்லாவற்றிலும் சிறியதை. மேலேயும் கறுப்பு, கீழேயும் கறுப்பு. "இந்த நுனி மட்டும் வரல. இது பழைய தழும்பு. என்னைக்கோ வந்திருக்கு, நீங்க கவனிக்காம ஓட்டிட்டே இருந்திருக்கீங்க" என்றார். கவனித்தேன் என்று சொல்லவில்லை. அவர் படத்தை ஓட்டிக் காட்டினார். இதயம் சுருங்கி விரிந்தது, சுற்றிலும் எல்லாம் உள்ளே வந்து வெளியே போனது, நுனி மட்டும் அசையாமல் நின்றது, சாலை ஓரத்தில் வண்டியில் சாய்ந்து நிற்கிற ஆளைப்போல.

ஜெபக்கனி பேட்ஜை எடுத்துவந்து நீட்டினாள், பிறகு நினைத்துக்கொண்டவள்போலக் கையை இழுத்துக்கொண்டாள். "இன்னைக்கு இல்ல, நாளைக்கு வந்து வாங்கிக்கோங்க. இப்போ நீங்க தொட்டா அது பயந்துரும்" என்றாள். இன்றைக்கு இரவு வரைக்கும் பிள்ளைகள், கர்ப்பிணிகள் பக்கம் உட்காரக்கூடாது, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். பஸ்ஸில் கடைசி இருக்கை காலியாக இருந்தது, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். வழக்கமாகப் பெட்டியை இறக்கிவிட்டுப் போன் போடுகிற நேரம்தான். போட ஆள் இல்லை, பதில் மட்டும் வாயில் வந்து நின்றது. பெட்டி நேற்று சாயங்காலம் வந்திருக்கும், இப்போது ஓட்டுகிறவன் நல்ல பையன், காலையில் கறந்திருப்பார்கள், அதில் ஒரு பங்கு என் நரம்பில் ஏறி, போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது. இதயத்தின் நுனியில் ஒரு நெல்லிக்காய் அளவு செத்துவிட்டது. மீதி உயிரோடு இருக்கிறது.